மேடையிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து இல்லத்திற்கு: தமிழ் இசை நாடகங்களின் பயணம்

முத்தமிழுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது நாடகத்தமிழ். இறுதியாக வைக்கப்பட்டதாலோ என்னவோ, ஏட்டில் இடம்பெறுவதிலும் அதுவே இறுதியாக நின்றுவிட்டது. இயற்றமிழுக்கு நூல்கள் உள்ளன. இசைத்தமிழுக்குப் பண்ணும் பாடலும் உள்ளன. நாடகத்தமிழோ ஆடிய மேடையிலேயே பிறந்து, விளக்கு அணைந்ததும் மறைவது. மறையும் அக்கலையைப் பிடித்து வைக்க இருபதாம் நூற்றாண்டு மூன்று கருவிகளைத் தந்தது. இசைத்தட்டு ஒன்று, திரைப்படம் ஒன்று, இல்லத்திற்கே வந்து சேரும் ஒளிநாடாவும் குறுந்தகடும் மற்றொன்று. இம்மூன்றின் வழியாக நம் இசை நாடகங்களுள் எவை நம் கைக்கு வந்து சேர்ந்தன, எவை வழியிலேயே உதிர்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சியினூடே, யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்த முறை எவ்வாறு மாறியது என்பதையும் காண்போம். ஏனெனில் வேடப் பொருத்தம் மாறியதும் நாடகமே மாறியது.

இதைத் தூத்துக்குடியிலிருந்து எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்று போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் இம்மண்ணின் மைந்தர். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு தாமோதரக் கணக்கப்பிள்ளையின் மகனாகப் பிறந்தவர் அவர். தந்தையிடமும் பழநி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். பின்னர் இவ்வூரில் உப்புப் பண்டகசாலையொன்றில் கணக்கராகப் பணியாற்றினார். உப்பு மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதிய அந்தக் கைதான் பின்னாளில் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'கோவலன்', 'லவகுசா' ஆகியவற்றை எழுதியது. 24 வயதில், 1891-ஆம் ஆண்டில், வேலையைத் துறந்து நாடகம் புகுந்தார். எமன், சனீசுவரன், இரணியன் போன்ற அச்சமூட்டும் வேடங்களில் நடித்தார். அவருடைய எமனையும் சனீசுவரனையும் கண்ட பெண்கள் அஞ்சித் துன்புற்றதாகவும், அதனால் மனம் நொந்து அவர் நடிப்பையே கைவிட்டு ஆசிரியராக மட்டும் நின்றதாகவும் வரலாறு கூறுவர். ஒருவருக்கு ஒரு வேடம் அளவுக்கு மீறிப் பொருந்திவிட்டதால் நடிகர் ஒருவரை இழந்து ஆசிரியர் ஒருவரைப் பெற்றோம் எனலாம். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். தமிழில் பேசும்படம் பிறக்க அப்போது இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

குரலே வேடத்தை முடிவு செய்த காலம்

அக்கால நாடகக் குழுக்களில் வேடங்கள் வகைபிரித்து வைக்கப்பட்டிருந்தன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்பன அவ்வகைகள். இன்னார் இன்ன வகை என்று ஆனபின், நாடகம் எதுவாயினும் அவருக்கு அவ்வகை வேடமே கிடைக்கும். ராஜபார்ட்டுக்கு வேண்டிய முதல் தகுதி முகவெட்டு அன்று; உடற்கட்டும் அன்று. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் காதுவரை எட்டும் குரல். அத்தகைய குரல் இருந்தால் வயது ஐம்பதானாலும் அர்ச்சுனனாக வரலாம். இல்லையேல் மன்மதனே வந்தாலும் திரை இழுக்கத்தான் போகவேண்டும்.

சிறுவர்களே எல்லா வேடங்களையும் தாங்கிய பாலர் சபைகளில் இந்நிலை இன்னும் கடுமையானது. சுவாமிகள் 1918-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்திற்கு ஆறு வயது. இத்தகைய சபைகளில் பெண் வேடம் தாங்கும் சிறுவனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், நேற்றுவரை சாவித்திரியாக நின்றவன் இன்று வாயிற்காவலன் ஆகிவிடுவான். இதற்கு நேர்மாறாக, கும்பகோணம் பாலாமணி அம்மையாரின் குழுவில் ஆண் வேடங்களையும் பெண்களே தாங்கினர். ஆண் பெண்ணாவதும், பெண் ஆணாவதும் அன்றைய அவையோருக்கு வியப்பளிக்கவில்லை. குரல் மெய்யாயிருந்தால் வேடமும் மெய்யென்றே கொள்ளப்பட்டது.

ஆயினும் குரல் ஒன்றே எல்லாவற்றையும் வென்றது என்று எழுதிவிட்டால் அது உண்மைக்கு மாறாகும். தேசபக்திப் பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்ற எஸ்.எஸ். விசுவநாத தாசின் குரலுக்குக் கூட்டம் அலைமோதியது. ஆனால் அவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி அவருக்கு இணையாக நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். மறுக்காமல் உடன் நடித்தவர்களும் இருந்தனர். 1940-ஆம் ஆண்டின் இறுதி நாளில் சென்னை மேடையில், வள்ளி திருமண நாடகத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடியபடியே அவர் உயிர் நீத்தார். தமிழ்ப் பேசும்படங்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய நடிப்பை எந்தத் திரைப்படத்திலும் இன்று நாம் காண இயலாது.

முத்துக் கடற்கரையும் மூவகை மேடையும்

நம் கடற்கரைப் பகுதியில் இசை நாடகம் ஒரே ஊற்றிலிருந்து பெருகியதன்று. ஒருபுறம் சுவாமிகளின் புராண நாடகங்கள். மறுபுறம் கத்தோலிக்க மக்களின் திருவிழாக்களில் வளர்ந்த சமய நாடகங்கள். இவற்றுள் 'ஞானசௌந்தரி' புகழ்பெற்றது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட இளவரசி, அன்னை மரியாளின் அருளால் மீண்டும் கைகளைப் பெறும் கதை அது. சுவாமிகளின் நாடகப் பட்டியலிலும் ஞானசௌந்தரி சரித்திரம் இடம்பெற்றிருப்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். சேக்சுபியரின் 'ரோமியோ ஜூலியத்'தையும் 'சிம்பலை'னையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்த அவர், கதை எம்மதத்தினது என்று பார்த்து விலகி நின்றவர் அல்லர்.

மூன்றாவது ஊற்று பாரசீகக் கதைமரபு. இலக்னோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆகா அசன் அமானத் என்னும் உருதுக் கவிஞர் இயற்றிய 'இந்திரசபா' இந்தியா முழுவதும் இசை நாடகத்திற்கு ஒரு புதிய வடிவைத் தந்தது. பார்சி நாடகக் குழுக்கள் அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. வண்ணம் தீட்டிய தொங்கு திரைகளும், ஆர்மோனியமும், இந்துஸ்தானி மெட்டுகளும் அவற்றின் வழியே தமிழ் மேடைக்கு வந்தன. இந்துப் புராணத்து இந்திரனை உருதுக் கவிஞர் பாட, பார்சிக் குழுவினர் நடிக்க, தமிழர் அந்த மெட்டில் வள்ளியையும் சாவித்திரியையும் பாடினர்! 'குலேபகாவலி'யும் 'அலிபாபா'வும் இவ்வழியே வந்து தமிழர்தம் கதைகளாகவே நிலைத்துவிட்டன.

நாடகக் குழுக்களுக்கு அன்று கொழும்பு தொலைவான ஊர் அன்று. கொழும்பு ஜிந்துப்பிட்டி அரங்கிற்குப் போய்வராத நடிகர்களைத்தான் எண்ணிச் சொல்லவேண்டும். செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் முதன்முதலாக இணைந்து மேடையேறியதும் 1920-களின் நடுவில் அக்கொழும்பிலேதான்.

திரைக்கு வந்த நாடகங்கள்

1931-இல் வெளியான 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும்படம். அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். அதன்பின் சில ஆண்டுகள், தமிழ்த் திரைப்படம் என்பது படம்பிடிக்கப்பட்ட இசை நாடகமாகவே இருந்தது. புதிய கதை எழுதுவோரைத் தேடிப் படமுதலாளிகள் அலையவில்லை. மக்கள் மனப்பாடமாக அறிந்த வள்ளி திருமணமும் கோவலனும் நல்லதங்காளும் லவகுசாவும் முன்னரே ஆயத்தமாக இருந்தன.

இவற்றுள் 'பவளக்கொடி' நம் கவனத்திற்குரியது. பவளத்தை நாடிக் கடல் கடந்து செல்லும் அர்ச்சுனன், பவளநாட்டரசியைக் கண்டு காதல் கொள்ளும் கதை அது. முத்தும் பவளமும் பிறக்கும் கடலோரத்தில் பிறந்த சுவாமிகளின் கைக்கு இக்கதை எத்துணை இயல்பாக வந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. மேடையில் அர்ச்சுனனாகப் புகழ்பெற்றிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும், பவளக்கொடியாக நடித்துவந்த எஸ்.டி. சுப்புலட்சுமியும் 1934-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய திரைப்படத்திலும் அவ்வேடங்களையே ஏற்றனர். மூவருக்கும் அதுவே முதற்படம். ஏறத்தாழ ஐம்பது பாடல்கள். (1932-இல் வெளியான இந்தி 'இந்திரசபா'வில் எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் என்பதை எண்ணும்போது ஐம்பது குறைவே!) மேடை இணையையே திரைக்கும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வெளிப்படை. அன்று பின்னணிப் பாடல் என்னும் முறை இல்லை. படக்கருவியின் முன் நிற்பவரே பாடவேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படச்சட்டத்திற்கு வெளியே மரத்தின் பின்னாலும் திரைக்குப் பின்னாலும் அமர்ந்து வாசிக்கவேண்டும். சூரிய ஒளியில் படமெடுத்த காலமாதலால் மேகம் மறைத்தால் பாட்டு நிற்கும். காகம் கரைந்தாலும் நிற்கும். இத்தனைக்கும் நடுவே சுருதி பிசகாமல் பாடக்கூடியவர் மேடையில் தேர்ந்தவர் அன்றி வேறு யார்?

இக்கட்டாயம் சில வியப்பான தேர்வுகளுக்கும் இடம் தந்தது. கிட்டப்பா 1933 டிசம்பரில் தம் 27-ஆம் வயதில் காலமானார். அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவருடைய குரல் இசைத்தட்டில் மட்டும் நின்றது. வெண்ணிற ஆடை பூண்டு, ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என்று ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளைத் திரைக்கு அழைக்க முயன்றனர். அவருக்கு அளிக்கப்பட்டது நந்தனார் வேடம். ஆண் வேடமாதலின் இணை என்ற பேச்சே எழவில்லை. 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனா'ருக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அக்காலத்தில் இந்திய நடிகர் எவரும் கனவிலும் கருதாத தொகை அது. ஒரு குரலுக்கு என்ன விலை என்று வணிகர்கள் கணக்கிட்டுச் சொன்ன விடை அதுவே. அந்தப் படம் இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. இன்று நாம் அறிந்த திரை நந்தனார், 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் பாடிய தண்டபாணி தேசிகரே.

1941-இல் வெளிவந்த 'சாவித்திரி'யில் நிகழ்ந்தது வேறு. சாவித்திரியாக நடிக்க மராத்தி நடிகை சாந்தா ஆப்தேயை அழைத்துவந்தனர். அவரும் தமிழ் பயின்று தாமே பேசிப் பாடினார். எம்.எஸ். சுப்புலட்சுமியோ அதே படத்தில் நாரதராக ஆண் வேடம் பூண்டார். தமிழ்க்குரல் நாரதருக்கு, வடநாட்டு முகம் சாவித்திரிக்கு! குரலும் முகமும் இரு வேறு தகுதிகளாகப் பிரியத் தொடங்கிய காலத்தின் அடையாளமாகவே இத்தேர்வை நாம் காண்கிறோம்.

அப்பிரிவை முழுமையாக்கியது பின்னணிப் பாடல். 1938-இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் தொடங்கி மெல்ல மெல்ல அம்முறை வேரூன்றியது. பாடத் தெரியாதவரும் பாட்டுடைத் தலைவராகலாம் என்றானதும், நாடக மேடையிலிருந்து திரைக்குச் சென்ற நேர்வழி அடைபட்டது. பாகவதர் போன்ற சிலர் இறுதிவரை தம் குரலிலேயே பாடினர்.

1948-இல் ஒரே கதையை இரு நிறுவனங்கள் எடுத்தன. சிட்டாடல் நிறுவனத்தாரின் 'ஞானசௌந்தரி'யை எஃப். நாகூர் இயக்க, டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்தனர், கிட்டப்பாவின் மரபில் பாடி வளர்ந்தவர் மகாலிங்கம். ஜெமினியும் தன் பேரளவுக்கு ஏற்பச் செலவிட்டு அதே கதையை எடுத்தது. சிட்டாடலின் படம் வெற்றி பெற்றது. ஜெமினியின் படம் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அப்படத்தின் பாடல்களை நம் கடற்கரை ஊர்களின் மூத்தோர் அண்மைக்காலம் வரை முணுமுணுக்கக் கேட்டிருக்கிறோம்.

அவ்வை யார்?

வேடப் பொருத்தம் பற்றிய விவாதங்களில் தமிழருக்கு அவ்வையார் வேடமே முதன்மையானது. 1942-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'அவ்வையார்' நாடகத்தை அரங்கேற்றினர். முப்பது வயது இளைஞரான டி.கே. சண்முகம் கூன்விழுந்த மூதாட்டியாகத் தோன்றினார். மக்கள் அவருக்கு 'அவ்வை' என்பதையே அடைமொழியாக்கி 'அவ்வை சண்முகம்' என்று அழைத்தனர். பதினோராண்டுகள் கழித்து, 1953-இல், ஜெமினி 'அவ்வையார்' திரைப்படத்தைக் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் வெளியிட்டபோது அவ்வையாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள்.

இத்தேர்வு சரியா என்று கேட்டால், திரைக்குச் சரியென்றே நாம் கூறுவோம். மேடையில் இருபது அடி தொலைவிலிருந்து காண்போருக்கு ஆண் மூதாட்டியாவது கலையின் வெற்றி. அண்மைக் காட்சியில் படக்கருவி அந்த ஒப்பனையைக் காட்டிக்கொடுத்துவிடும். அன்றியும் சுந்தராம்பாளின் குரலுக்கு முன் நிற்க வேறொரு குரல் அன்று இல்லை. ஆயினும் இழப்பு இழப்பே. சண்முகம் அவ்வையாக எவ்வாறு நடந்தார், எங்கே நிறுத்திப் பேசினார், சிறுவர்களிடம் எவ்வாறு குழைந்தார் என்பனவெல்லாம் கண்டோர் நினைவோடு போயின. சுந்தராம்பாளின் அவ்வையை இன்று எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்து காணலாம்.

இதையொத்த நிகழ்ச்சியொன்று மேலைநாட்டிலும் உண்டு. பெர்னார்டு ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தைத் தழுவி எழுந்த 'மை ஃபேர் லேடி' என்னும் இசை நாடகம் 1956-இல் நியூயார்க்கில் மேடையேறியது. பூ விற்கும் பெண்ணாகப் பாடிப் புகழ்பெற்றவர் ஜூலி ஆண்ட்ரூஸ். 1964-இல் திரைப்படமானபோது அவ்வேடம் ஆட்ரி ஹெப்பர்னுக்குத் தரப்பட்டது. அவர் பாடிப் பதிவு செய்த பாடல்களுள் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டு, மார்னி நிக்சன் என்பவரின் குரலைப் பொருத்தினர். அவ்வாண்டுப் படங்களுக்கான ஆஸ்கார் பரிசு, வேறொரு படத்திற்காக, ஜூலி ஆண்ட்ரூசுக்கே கிடைத்தது! இதில் நாம் கருதவேண்டியது வேறொன்று. அப்படத்தின் சிதைந்த படிச்சுருளை 1994-இல் செப்பம் செய்தனர். பின்னர் இல்லப் பயன்பாட்டிற்கு வெளியிட்ட தகட்டில், நீக்கப்பட்ட ஹெப்பர்னின் சொந்தக் குரல் பாடல்கள் இரண்டையும் இணைத்தனர். பல்லாண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு முடிவு சரியா தவறா என்று வீட்டிலிருப்பவரே கேட்டு முடிவு செய்துகொள்ள வழி செய்தனர். ஒரு தகடு ஆவணமாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

இல்லம் வந்தவை

நம்மிடம் நிலைமை என்ன? முதலில் இல்லம் வந்தது இசைத்தட்டு. அடுத்து வானொலி. இலங்கை வானொலி நம் கடற்கரையில் உள்ளூர் ஒலிபரப்புப் போலவே தெளிவாகக் கேட்டது. பின்னர் 1970-களிலும் 1980-களிலும் ஒலிநாடா பரவியபோது, திரைப்படத்தின் கதை வசனத்தையே நாடாவாக வெளியிடும் வழக்கம் ஓங்கியது. இவ்வகையில் நம் மாவட்டத்திற்கு நெருக்கமானது 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. பாஞ்சாலங்குறிச்சி வீரனின் தெருக்கூத்தைச் சிறுவயதில் கண்டு நடிக்கும் வேட்கை கொண்டவர் சிவாஜி கணேசன். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுத, 1957-இல் சிவாஜி நாடக மன்றத்தின் சார்பில் மேடையேறிய அந்நாடகம், 1959-இல் பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வண்ணப்படமாயிற்று. மேடையில் கட்டபொம்மனாக நின்றவரே திரையிலும் நின்றார். வெள்ளையத்தேவன் வேடம் மட்டும் எஸ்.எஸ். ராஜேந்திரனுக்கு என்று கருதப்பட்டுப் பின் ஜெமினி கணேசனுக்குச் சென்றது. திருமண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் குழாய் ஒலிபெருக்கி வழியே கட்டபொம்மன் ஜாக்சன் துரைக்கு விடையளிக்காத ஊர் தென்மாவட்டங்களில் இராது. படத்தைப் பாராதவரும் வசனத்தை அறிந்திருந்தனர். 2015-இல் அப்படம் செப்பம் செய்யப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டது.

1980-களில் ஒளிநாடா வந்தது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியோர் ஒளிநாடாக் கருவியைக் கொண்டுவந்தனர். வாடகைக்குக் கருவி எடுத்து இரவு முழுதும் மூன்று படம் பார்க்கும் வழக்கம் ஊர்தோறும் பரவியது. அடுத்து குறுந்தகடு. 2007-இல் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு ஒரு படத் தகடு என்று விற்பனை தொடங்கியபோது, புத்தகக் கடையிலும் மளிகைக் கடையிலும்கூடப் பழைய படங்கள் தொங்கின. 'ஹரிதாஸ்', 'அவ்வையார்', 'குலேபகாவலி', 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' ஆகியன எளிதாக வீடு வந்தன.

மகிழத்தக்கதே. எனினும் இத்தகடுகளின் தரம் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாம் வாங்கிய பழம்படத் தகடு ஒன்றில் பாடல்கள் இடையிலேயே அறுந்து அடுத்த காட்சிக்குத் தாவின. மற்றொன்றில் உறையின்மேல் இருந்த படமே வேறொரு திரைப்படத்தினது. பாடலாசிரியர், இசையமைப்பாளர், நடிகர் பெயர்கள் கொண்ட தொடக்க எழுத்துகள் நீக்கப்பட்டிருந்தன. ஒரு நூலைப் பதிப்பிக்கும்போது ஆசிரியர் பெயரை விட்டுவிட்டு அச்சிட்டால் நாம் பொறுப்போமா? படத்திற்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

இதனினும் பெரிய குறை, 1930-களின் படங்களுள் மிகப் பெரும்பாலானவை தகடாவதற்கே கிடைக்கவில்லை என்பது. அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பற்றுவது, வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் விரைவில் நொறுங்கிப் பொடியாவது. எஞ்சிய சுருள்களும் அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டன. 'காளிதாஸ்' அழிந்தது. சுவாமிகளின் நாடகங்களைத் தழுவிய படங்களுள் பலவும் அவ்வாறே போயின. முத்துக் குளிப்போர் ஆயிரம் சிப்பி அறுத்தால் சில முத்தே தேறும் என்பர். 1961-ஆம் ஆண்டோடு அக்குளிப்பும் நின்றுவிட்டது. இங்கே சிப்பியோடு முத்தும் சேர்ந்தே போயிற்று. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964-இல்தான். அதற்குள் இழக்கவேண்டியவற்றை இழந்திருந்தோம்.

மேடை திரும்பி வந்த கதை

இவ்வாறு எழுதிக்கொண்டு போகும்போது, சுவாமிகளின் நாடகம் அழிந்துவிட்டதென்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. படம்தான் அழிந்தது, நாடகம் அழியவில்லை. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் இன்றும் நாடக நடிகர் சங்கங்கள் உள்ளன. கோயில் கொடைக்கு ஊரார் சென்று நடிகர்களைத் தனித்தனியே பேசி முன்பணம் தருகின்றனர். இதற்கே 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். ஓரூரிலிருந்து வள்ளி, இன்னோரூரிலிருந்து நாரதர், மற்றோரூரிலிருந்து வேலன் என வந்து இரவு பத்து மணிக்கு ஒப்பனையறையில்தான் ஒருவரையொருவர் காண்பர். ஒத்திகை கிடையாது. நூறாண்டுகளுக்கு முன் சுவாமிகள் எழுதி வைத்த பாடமே அவர்களை இணைக்கும் கயிறு. நாரதருக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கம் மட்டும் அன்றன்று புதிதாகப் பிறக்கும். யார் யாரை மடக்கினார் என்பதை விடிந்தபின் தேநீர்க் கடைகளில் ஊரார் தீர்ப்பளிப்பர். இங்கே இன்றும் வேடத்தை முடிவு செய்வது குரலும் நாவன்மையுமே.

இந்நாடகங்களைத் திருமணங்களுக்குப் படமெடுக்கும் உள்ளூர் வீடியோக்காரர்கள் பதிவு செய்யத் தொடங்கினர். திருவிழாக் கடைகளில் வள்ளி திருமணமும், அரிச்சந்திர மயான காண்டமும் முதலில் ஒலிநாடாவாகவும், பின்னர் குறுந்தகடாகவும் விற்றன. இப்போது இணையத்தில் முழு இரவு நாடகமும் காணக் கிடைக்கிறது. படப்பிடிப்பு எளியது, ஒரே கருவி, ஒரே கோணம், நடுவே பிள்ளை அழும் ஒலியும், அன்பளிப்புத் தந்தோர் பெயரை அறிவிக்கும் ஒலியும் கேட்கும். ஆயினும் பெரிய நிறுவனங்கள் காக்கத் தவறியதைப் பெயர் தெரியாத இவ்வீடியோக்காரர்களே காத்துவருகின்றனர். எந்த நாடகம், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் யார் நடித்தனர் என்ற ஐந்து வரிக் குறிப்பை அப்பதிவுகளோடு சேர்த்துவைக்கும் பணியை நம் துறை மாணவர்கள் தத்தம் ஊரளவில் மேற்கொண்டால், ஒரு விடுமுறைக்காலத்தில் முடிக்கக்கூடியதே அது. மேடையேறி நடித்த முதியோர் இன்னும் நம் ஊர்களில் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

அவ்வை சண்முகத்தைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. அவருடைய அவ்வை திரைக்கு வரவில்லையே தவிர, அவரை நாம் இல்லத்திலிருந்து காணமுடியாது என்பதில்லை. 1961-இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' தகடாகவும் கிடைத்தது, இணையத்திலும் கிடைக்கிறது. வ.உ.சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன் நடித்த அப்படத்தில், சுப்பிரமணிய சிவாவாகத் தோன்றுபவர் டி.கே. சண்முகமே. தூத்துக்குடி மக்களிடையே அனல் பறக்கப் பேசிய சிவாவின் வேடம், தூத்துக்குடியில் பிறந்த சுவாமிகளிடம் ஆறு வயதில் பாடம் கேட்டவருக்கு வந்து சேர்ந்தது. அப்படத்தை அடுத்தமுறை காண்போர், அவர் பேசும் காட்சிகளில் ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேட்கலாம். ஒலிபெருக்கியில்லாக் கொட்டகையில் கடைசி வரிசைக்கு எட்டுமாறு பழக்கப்பட்ட குரல் அது.